வண்டித் தண்ணீர்

அன்று பலாமரத்து வளைவில் இருந்தவர்கள் எட்டுப் பேர். காரின் சொந்தக்காரரும் அதை ஓட்டுகிறவருமான இஞ்ஞாசி. அவர் மனைவி சலேத்தம்மாள். அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கனி பாய். நாலு வளைவு மேலே டீக்கடை போட்டிருக்கும் பொன்னுரங்கம். அவன் மனைவி ருக்குமணி. ஜீப் ஓட்டுகிற மலைச்சாமி. சவேரியார்பட்டிக் கோயிலின் உபதேசியார் மிக்கேல், நெஞ்சுவலி வந்து பிழைத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் உட்கார ஒரு கல். அப்புறம், பஸ் நின்றபோது ஒதுங்குவதற்காக இறங்கி, நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதால் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு வெளியூர்க்காரர், அவர் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. கார் ஒன்று. குடம் பதினொன்று, எல்லாம் கழுத்து வரை. பிரகாசியை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஊருக்குள் இன்னும் ஒரு முடிவு ஏற்படாததால் அவளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சவேரியார்பட்டியிலிருந்து தேன்பாறைக்கு ஏறுகிற மலைப்பாதையில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் சாவியைத் திருக மாட்டார்கள். ஏற்றத்தில் என்ஜின் சூடேறி, சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டு, ரேடியேட்டர் பொங்கினால் ஊற்றுவதற்கு அது. அதற்கு வண்டித் தண்ணீர் என்று பெயர், அதை மனிதர்கள் குடிப்பதில்லை. குடிக்க முடியாத தண்ணீர் என்றில்லை, வீட்டில் குடிக்கிற அதே சுனைத் தண்ணீர்தான். ஆனால் இங்கே ஒரு மிடறு குறைந்தால் அங்கே ஏதோ ஒரு வளைவில் அந்த ஒரு மிடறுக்காக வண்டி நின்று, வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் நடுக்காட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பழகும் வயதிலேயே அந்தக் கேனைத் தொட்டால் கையில் ஒரு அடி விழும். சலேத்தம்மாள் லாரிக்காரர் மகள், அந்த அடியை வாங்கி வளர்ந்தவள். பிரகாசி கார்க்காரர் மகள், அதே அடியை சலேத்தம்மாளிடம் வாங்கி வளர்ந்தவள்.

பிரகாசிக்கு இருபத்து மூன்று வயது, பனியன் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து, குடித்ததெல்லாம் வாந்தியாகி, கண் உள்ளே போனதும், தேன்பாறையில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு அவளை இஞ்ஞாசி தன் வட்ட மூக்கு வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பின் சீட்டில் சலேத்தம்மாள், அவள் மடியில் மகளின் தலை. பாட்டிலில் கொண்டுபோன தண்ணீர் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. பலாமரத்து வளைவில் கார் பொங்கியது.

இஞ்ஞாசி இறங்கி, ஈரத் துண்டை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, ஆவி அடங்கும்வரை நின்று, பிறகு கூப்பிட்டார்: "சலேத்து, கேனை எடு."

கேன் அவள் காலடியில்தான் இருந்தது. அவள் அதைத் தூக்கியபோது பிரகாசி கண்ணைத் திறந்து, "அம்மா, ஒரு வாய் தண்ணி" என்றாள்.

"அது வண்டித் தண்ணிம்மா. டீக்கடை இந்தா வந்துரும். அங்க குடிச்சுக்குவ."

பிரகாசி இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரியும். சரியென்று தலையை மட்டும் அசைத்து, ஜன்னல் வழியாகக் கைமாறிப் போன கேனைக் கண்ணால் தொடர்ந்து, அது காரின் முன்மூடிக்குப் பின்னால் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசி ஒரு சொட்டு விடாமல் ஊற்றி, கேனை உதறினார்.

நாலு வளைவு தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது பொன்னுரங்கம் டம்ளரில் தண்ணீரோடு ஓடி வந்தான். தண்ணீர் அவள் கடைவாய் வழியாக இறங்கி, சலேத்தம்மாளின் புடவையை நனைத்தது. அவ்வளவுதான்.

தண்ணீர் கொடுத்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னார். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். சலேத்தம்மாள் ஒரே ஒரு தடவை பதில் சொன்னாள்: "பிழைக்கவா கேட்டா? குடிக்கல்ல கேட்டா."

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வேறு வழியில்லாமல் இஞ்ஞாசி வாடகைக்கு வண்டியை எடுத்தபோது கோளாறு தொடங்கியது. கீழே கழுத்து வரை நிரப்பிக்கொண்டு ஏறினால், பலாமரத்து வளைவில் முள் சிவப்பில் நிற்கும்; மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இருக்காது; வழியெங்கும் ரோட்டில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. மறுநாளும் அப்படி. அடுத்த வாடகையிலும் அப்படி.

கனி பாயின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். கனி பாய் கேட்டுக்கொண்டு, பீடியை அணைத்து, விரலை மடக்கினார்.

"தண்ணி மாயமாப் போகாது இஞ்ஞாசி. ஒண்ணு, வெளிய சொட்டும். இல்ல, உள்ள போயி எரியும். அதுவும் இல்லையா, மூடி வழியா ஆவியாப் போகும். நாலாவது வழி கிடையாது."

முதல் வழியைப் பார்க்க, ரப்பர் குழாய்களையும் அவற்றை இறுக்குகிற கிளிப்புகளையும் துடைத்துக் காயவைத்து, எல்லாவற்றின்மேலும் சுண்ணாம்புப் பொடி தூவி, காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, என்ஜினை ஓடவிட்டார். கசிந்தால் பொடி நனையும், தாள் நனையும். எதுவும் நனையவில்லை. தண்ணீர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, பம்பின் சீல் தேய்ந்தால் அதுதான் முதலில் அழும். அதற்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்திக் காற்றை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினார். அழுத்தம் ஏற்றிய இடத்திலேயே இருந்தது. இரண்டாவது வழிக்கு, ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் ஊற்றிய காப்பி மாதிரி வெளுத்திருக்கும். அது கருப்பாகவே இருந்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், புகையை முகர்ந்து பார்த்தார், ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். மூன்றாவது வழிக்கு, மூடியின் ஸ்பிரிங்கையும் ரப்பரையும் மாற்றிப் புது மூடியே போட்டார். சூடானால் திறக்க வேண்டிய வால்வைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியில் போட்டு, அது ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. பெல்ட்டைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், ரேடியேட்டரை இறக்கி ஒவ்வொரு குழலிலும் கம்பி விட்டார். வாடகைக்கு வாடகை இஞ்ஞாசி திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க வச்சுப் பாத்துப் பிரயோசனம் இல்ல" என்றார் கனி பாய். "கோளாறு எங்க வருதோ அங்க போயித்தான் கேக்கணும்."

எந்த வளைவில் என்று அதுவரை இஞ்ஞாசி வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னார். சலேத்தம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அத்தனை நாளாக ஏறாத காரில், பின் சீட்டில், அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

வளைவில் மூடியைத் திறந்தார்கள். காலி. கொண்டுபோன கேனை ஊற்றினார்கள். உள்ளே மடக் மடக்கென்று ஒரு சத்தம் வந்து, வாய் மறுபடியும் காலியாக இருந்தது. "காத்து அடைச்சிருக்கு" என்று சொல்லிக் கனி பாய் மேல் குழாயைப் பிடித்துப் பிசைந்தார். காற்று ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பொன்னுரங்கத்தின் கடைக்கு டிரம்மில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு மலைச்சாமியின் ஜீப் வந்தது. அதிலிருந்து ஒரு குடம் மொண்டு ஊற்றினார்கள். இன்னொரு குடம். முக்கால் குடத்துக்கு மேல் கொள்ளாத ரேடியேட்டர் ஐந்தாவது குடத்தையும் வாங்கிக்கொண்டபோது மலைச்சாமி டிரம்மைத் தட்டினான்.

"என்ன பாய், இது ரேடியேட்டரா, கிணறா? பொன்னுரங்கத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"சும்மா இருப்பா. சத்தத்தைக் கேளு."

சத்தம் மூன்று மிடறு வரும். பிறகு ஒரு மூச்சு வாங்கும். பிறகு மெல்லிசாக ஒரு விக்கல். மறுபடி மூன்று மிடறு. பின் சீட்டில் இருந்த சலேத்தம்மாள் கதவைத் திறந்து இறங்கி, முன்னால் வந்து, இஞ்ஞாசியின் கையிலிருந்த குடத்தைத் தான் வாங்கிக்கொண்டு, சின்னக் கோடாகச் சரித்து ஊற்றியபடி, "மெல்லக் குடிடி, புரையேறும்" என்றாள். பால்குடி மறந்த நாளிலிருந்து பிரகாசி அப்படித்தான் குடிப்பாள், சலேத்தம்மாளும் அப்படித்தான் சொல்வாள்.

ஒன்பதாவது குடத்தில் அன்றைக்குப் போதும் என்பதுபோல் தண்ணீர் கழுத்தில் நின்றது. கனி பாய் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டறையில் மற்ற வண்டிகளுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "வண்டியில கோளாறு இல்ல இஞ்ஞாசி. வண்டி குடிக்கல. உம் மக குடிக்கிது. இது நாலாவது வழி. எனக்குத் தெரியாமப் போச்சு."

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று டீக்கடைக்கு வந்தவர்களிடம் பொன்னுரங்கம், "டீ கிடையாதுண்ணே, தண்ணியப் பிரகாசி குடிச்சிட்டா" என்றான். அவர்களும், பாவம், எத்தனை நாள் தாகமோ என்று சொல்லி, வடையை வெறும் வாயில் தின்றுவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடி, பிரகாசிக்கு எந்தத் தண்ணீர் கொடுப்பது என்று பேசினார்கள். காய்ச்சலில் போன பிள்ளை, காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. சீரகம் போடலாம் என்றாள் ருக்குமணி. மந்திரித்த தீர்த்தம் கலக்கலாமா என்று கேட்டதற்கு உபதேசியார் மிக்கேல், "தாகத்துக்குக் கொடுக்கிறப்ப அதுவே தீர்த்தம்தான், தனியா எதுக்கு?" என்றார். கடைசியில் கனி பாய் ஆள் அனுப்பினார்: சீரகம் குழலை அடைக்கும், போர் தண்ணீர் உப்புப் படியும், சுனைத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ மட்டும், அதையும் வெள்ளைத் துணியில் வடிகட்டி. அது தீர்மானமாயிற்று. மழை பெய்தால் சவேரியார்பட்டியில் வீட்டுக்கு ஒரு பாத்திரம் வாசலில் இருக்கும். அதற்குப் பிரகாசி பாத்திரம் என்று பெயர் வந்தது.

மற்றவர்களும் வந்தார்கள். யார் வீட்டில்தான் கேட்டதைக் குடிக்காமல் போனவர் இல்லை? சர்க்கரை நோய் என்று புருஷனுக்குக் கடைசிவரை இனிப்புக் காப்பி கொடுக்காத ஒரு பெண் தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்து, கனி பாய் பார்க்காத நேரத்தில் ரேடியேட்டரில் ஊற்றினாள். அது அப்படியே பொங்கி வெளியே வந்துவிட்டது. "உன்னைக் குத்தம் சொல்லலத்தா, இது அவ வண்டி" என்றான் மலைச்சாமி. அவள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, வாளியில் மிச்சமிருந்த காப்பியை ரோட்டில் போன ஒரு மாடு மேய்க்கிறவருக்குக் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். பிறகு அது அவள் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பாதையில் ஓடுகிற வண்டிகளில் இரண்டாவது கேன் வந்தது அந்த மழைக்காலத்தில்தான். ஒன்றில் கருப்பு மையில் வண்டித் தண்ணி, இன்னொன்றில் சிவப்பு மையில் ஆள் தண்ணி. பலாமரத்து வளைவு வருவதற்கு முன்பு பஸ்ஸில் கண்டக்டர் ஒரு நடை நடந்து, "யாருக்கும் தாகமா, யாருக்கும் தாகமா" என்று கேட்பார்; தாகமில்லாதவர்களும் மரியாதைக்கு ஒரு மிடறு குடிப்பார்கள். வேலைக்குப் புதிதாக வந்த கண்டக்டர்கள், அது தொன்றுதொட்டு உள்ள விதி என்றே நினைத்தார்கள்.

சலேத்தம்மாள் எல்லா வாடகைக்கும் கூடப் போனாள். ஏறுகிறவர்களும் ஒன்றும் சொல்வதில்லை, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். வளைவில் இறங்கி, குடத்தைச் சரித்தபடி அவள் மகளிடம் பேசுவாள்: காலர் மெஷினில் இப்போது உன் இடத்தில் உட்காருகிறவளுக்குத் தையல் கோணல் என்று சூப்பர்வைசர் திட்டுகிறாராம், உன் கூட்டாளி அமலிக்குக் கல்யாணம், பெண் கேட்டு வந்தவன் குட்டை, உன் செவலைக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மூன்று மிடறும் ஒரு விக்கலுமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். கல்லறைக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். கல்லறையில் பிள்ளை கையிலிருந்து எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

ஆனால் அவள் எண்ணுகிறவள். அரிசி களைந்தாலும் எத்தனை கை என்று எண்ணிப் போடுகிறவள். ஒன்பது குடம் எட்டாயிற்று என்பதையும், எட்டு ஆறாயிற்று என்பதையும் அவள்தான் முதலில் கண்டாள். ஆறு ஐந்தானபோது, பிள்ளைக்குத் தாகம் தணிகிறது என்று ஊரே சந்தோஷப்பட்டது. ருக்குமணி கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள். மூன்றானபோது சலேத்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று இரண்டாகும். இரண்டு ஒன்றாகும். பிறகு ஒரு நாள் தாகம் தீர்ந்துவிடும். தாகம் தீர்ந்தவள் எதற்காக வருவாள்?

அன்று இரண்டு குடம் ஊற்றியதும் அவள் மூடியைப் போட்டுத் திருகினாள். உள்ளே இன்னும் மிடறு கேட்டுக்கொண்டிருந்தது. "மிச்சத்தை நாளைக்குக் குடிச்சுக்கடி" என்று மூடியோடு வாயை வைத்துச் சொன்னாள். பக்கத்தில் நின்ற இஞ்ஞாசி அவளைப் பார்த்தார், ஸ்டியரிங்குக்குப் போய்விட்டார்.

அடுத்த வாடகைக்கும் இரண்டுதான். அதற்கடுத்தும் இரண்டுதான். கார் அந்த வளைவுக்கு மேல் சூடாகவே ஓடியது. முள் சிவப்புக்கு ஒரு நூல் கீழே நின்றது. கனி பாய் மறுபடியும் பெல்ட்டைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார்.

உபதேசியாருக்கு நெஞ்சுவலி வந்தது அந்த நாட்களில்தான். வெள்ளைக் காரின் பின் சீட்டில் அவரைச் சாய்த்து, தலையைச் சலேத்தம்மாள் மடியில் வைத்தார்கள். வளைவில் அவள் அவசரமாக இறங்கி இரண்டு குடம் ஊற்றினாள், கை பழகிப்போய் மூடியைத் திருகினாள். இரண்டு வளைவு மேலே கார் பொங்கி நின்றுவிட்டது. வண்டித் தண்ணீர்க் கேனை இஞ்ஞாசி ஊற்றினார், போதவில்லை, முள் இறங்கவில்லை. ஆள் தண்ணீர்க் கேனையும் ஊற்றிவிட எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் பக்கம் போகும்போது, உபதேசியார் கண்ணைத் திறந்தார்.

"மகளே, ஒரு வாய் தண்ணி."

ஆவி கக்குகிற காருக்கும் திறந்திருந்த கதவுக்கும் நடுவில் இஞ்ஞாசி நின்றார். சலேத்தம்மாள் அவர் கையையே பார்த்தாள். ஊற்றினால் வண்டி ஒருவேளை ஆஸ்பத்திரி வரை போகும், போகாமலும் இருக்கும். கண் மூடித் திறக்கிற நேரம்தான். இஞ்ஞாசி கதவுப் பக்கம் வந்து, மண்டியிட்டு, கேன் மூடியில் தண்ணீரை ஊற்றி, கிழவரின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அவர் விழுங்கினார். கார் நின்றது நின்றதுதான். பிறகு மலைச்சாமியின் ஜீப் வந்து, அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று, அவர் பிழைத்தார்.

அங்கேயே கிடந்த காரைப் பார்க்கக் கனி பாய் வந்து, முன்மூடியைத் திறந்து, நெடுநேரம் குனிந்திருந்தார்.

"கேஸ்கெட் போகல, அல்லா காப்பாத்துனான்." பிறகு நிமிராமலே கேட்டார்: "தண்ணி ஊத்துறது நீதானம்மா?"

"நான்தான் பாய்."

"நிறையிற வரைக்கும் ஊத்துவியா?"

சலேத்தம்மாள் தரையைப் பார்த்தாள். கனி பாய் கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எம் பையன் துபாயில இருக்கான். போன் பண்ணுனா வச்சிருவானேன்னு, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதைக்கூடச் சொல்லி இழுத்துக்கிட்டே இருப்பேன். பேச்சை இழுக்கலாம்மா. தாகத்தை இழுக்கக் கூடாது."

அவள் அதே இடத்தில் ரோட்டில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். இஞ்ஞாசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் போன பிறகு அந்தக் கேனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ரெண்டாந்தடவையும் நானேதாங்க அவளுக்குக் குடுக்கல" என்றாள்.

"எனக்குத் தெரியும். முள்ளு ஏறுனப்பவே தெரியும்." அவர் ரோட்டில் ஒரு கல்லை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "மூணாவது குடத்தை ஏன் ஊத்தலன்னு கேட்டிருந்தா நீ ஊத்தியிருப்ப. கேக்கத்தான் எனக்கு வாய் வரல புள்ள. எனக்கும் அவ வரணும்ல?"

கனி பாய் ரேடியேட்டரை முழுக்க வடித்து, அலசி, குழாய்களைத் துடைத்து மாட்டினார். உபதேசியார் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி வந்த அன்றே வைத்துக்கொண்டார்கள், நல்ல நாள் பார்க்கவில்லை; பார்த்தால் நாளாகும். காரை என்ஜின் போடாமல் இரண்டு வளைவு பின்னுக்கு உருட்டி, பலாமரத்துக்கு அடியில் நிறுத்தினார்கள். எத்தனை குடம் என்று சலேத்தம்மாள்தான் சொன்னாள். குறைத்து ஊற்றியது எட்டு நடை, நடைக்கு ஒன்றாக எட்டுக் குடம். அன்றைய பங்கு மூன்று. ஆகப் பதினொன்று. ஒன்று குறையக் கூடாது என்றாள். பிரகாசி பாத்திரங்களிலிருந்து வடிகட்டி, மலைச்சாமி ஜீப்பில் அடுக்கி, சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தான். பொன்னுரங்கம் கடையை அடைத்துவிட்டு, அன்றைக்கு ஓடிவந்த அதே டம்ளரோடு வந்திருந்தான். அந்த வழியாகப் போன பஸ் ஒரு நிமிஷம் நின்று, ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனது. இப்படித்தான் எட்டுப் பேர்.

முதல் குடத்தைச் சலேத்தம்மாள் தூக்கினாள். "மொத முக்கால் குடம் வண்டிக்கும்மா, காலியா இருக்கு" என்றார் கனி பாய், மேல் குழாயைப் பிசைந்தபடி. முக்கால் குடம் வண்டிக்குள் இறங்கியது. குழாயிலிருந்த காற்று புக்கென்று வெளியே வந்தது, வேறு எந்த வண்டியிலும் வருகிற மாதிரி. தண்ணீர் கழுத்துக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது.

"இப்ப ஊத்து."

அவள் ஊற்றினாள். ஒரு மிடறு. எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது மிடறு. மூன்றாவது. ஒரு மூச்சு. பிறகு அந்த விக்கல், மெல்லிசாக.

பிறகு ஒன்றுமில்லை.

ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது அது. ஒரு வாய். தண்ணீர் ரேடியேட்டரின் வாயில், விளிம்புக்குச் சமமாக வந்து, அசையாமல் நின்றது. பலா இலை ஒன்று அதில் தெரிந்தது.

"குடிடி" என்றாள் சலேத்தம்மாள். "குடி ஆத்தா. பதினொண்ணு கொண்டாந்திருக்கேன். உனக்குக் குறைச்சது அம்புட்டும் இருக்கு. அம்மா எண்ணித்தான் வச்சிருக்கேன். ஒண்ணும் குறையல, நீயே எண்ணிப் பாரு."

பலா இலை அசையவில்லை. அவள் முதல் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது குடத்தில் கையை விட்டு, ஒரு கை அள்ளி, ரேடியேட்டரின் வாயில் விட்டாள். அது நிற்க இடமில்லாமல் விளிம்பு தாண்டி, கிரில்லின் வழியாக இறங்கி, நம்பர் பிளேட்டில் ஓடி, ரோட்டில் சொட்டியது. அத்தனை நாளில் அந்த வளைவில் அந்தக் காரிலிருந்து சொட்டிய முதல் தண்ணீர் அதுதான். எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள்.

கனி பாய் அவள் மணிக்கட்டைத் தொடாமல், அதற்குக் கீழே தன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நிறைஞ்சிருச்சும்மா."

மூடியைப் போட்டுத் திருகினார். இஞ்ஞாசி சாவியைத் திருக, என்ஜின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, முள் நடுவில் வந்து நின்றுவிட்டது. பழைய கார்களில் முள் நடுவில் நிற்பதைப் பார்த்து எந்த ஓட்டுநரும் அழுததில்லை. இஞ்ஞாசி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். உபதேசியார் கல்லிலிருந்து எழுந்து சிலுவை போட்டார். ருக்குமணி சலேத்தம்மாளைத் தோளோடு பிடித்துக்கொண்டாள்.

வெளியூர்க்காரர் பொன்னுரங்கத்திடம் மெதுவாக, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றான் பொன்னுரங்கம். "வண்டி சரியாயிருச்சு."

அவர் தலையாட்டினார். வெயிலில் நெடுநேரம் நின்றவர், உதடு காய்ந்திருந்தது. குடங்களைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு கேட்டார்:

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

யாரும் அசையவில்லை. சலேத்தம்மாள்தான் ருக்குமணியின் கையை விலக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, பொன்னுரங்கத்திடமிருந்து டம்ளரை வாங்கினாள். முதல் குடத்தின் அடியில் கிடந்ததைச் சரித்து அவருக்குக் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடிப்பதைத் தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்கப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மெல்லக் குடிங்க" என்றாள். அவருக்குப் பிறகு உபதேசியாருக்கு, ருக்குமணிக்கு, பொன்னுரங்கத்துக்கு, மலைச்சாமிக்கு, கனி பாய்க்கு, காருக்குள்ளிருந்த இஞ்ஞாசிக்கு ஜன்னல் வழியாக. கடைசி மிடறைத் தான் குடித்தாள். அந்தக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மீதியைத் திரும்ப ஜீப்பில் ஏற்றவேண்டுமா என்று மலைச்சாமி கேட்டபோது, அவள் ஒவ்வொரு குடத்தையும் விரலால் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். ஒரு கை தண்ணீர் குறைய, பத்துக் குடம்.